சைக்கிள் மீது கார், கார் மீது சைக்கிள்: பணம் யார் தருவது?

வாசகர் கேள்வி – வல்லுநர் பதில்

சைக்கிளுக்குப் பதிவு எண் இல்லை, ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. அதனாலேயே விபத்து நடந்தால் நமக்கு எந்த உரிமையும் இல்லை என்று எண்ணி, கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுபவர்கள் ஏராளம். இந்த இதழுக்கு அப்படிப்பட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். சட்டம் தொடர்பானவற்றுக்கு மோட்டார் விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரும், பாலிசி தொடர்பானவற்றுக்கு, சேதத்தை மதிப்பிடும் வாகன சர்வேயரும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. தையல் கடைக்கு சைக்கிளில் போகும்போது பின்னால் வந்த கார் இடித்து, வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. கார்க்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், போலீஸ் எதுவும் வேண்டாம்" என்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஒத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் இந்தப் பணத்தைத் தரவேண்டியது அவர் இல்லை, அவருடைய காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-வது பிரிவுப்படி ஒவ்வொரு காருக்கும் மூன்றாம் நபர் பாலிசி கட்டாயம். அந்த மூன்றாம் நபர் உங்கள் அப்பாதான். உடல் காயத்துக்கு அந்தப் பாலிசியில் தொகை வரம்பு கிடையாது. கார்க்காரரின் கருணைக்கோ முதல் ஆஸ்பத்திரி பில்லோடு வரம்பு வந்துவிடும். காலில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன், பல மாதம் தையல் மெஷினை மிதிக்க முடியாத இழப்பு, நிரந்தரமாகக் கால் மடங்காமல் போனால் அதற்கான ஈடு, இவையெல்லாம் பின்னால் வருகிற கணக்கு. அப்போது எஃப்.ஐ.ஆர். இல்லாமல் போய் நின்றால் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி, "எங்கள் பாலிசி உள்ள வண்டிதான் இடித்தது என்பதற்கு என்ன ஆதாரம்?"

இன்றே செய்ய வேண்டியது, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். அடிபட்டவரைத் தூக்கி வருபவர், பல நேரம் இடித்தவரே, "சைக்கிளிலிருந்து தவறி விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிடுவார். டியூட்டி டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். நல்ல வழக்குகள் பல இந்த ஒற்றை வரியில்தான் சரிந்திருக்கின்றன, ஏனென்றால் கம்பெனி வக்கீல் முதலில் வரவழைக்கும் ஆவணமே அதுதான். அப்படி எழுதியிருந்தால், நினைவு திரும்பியதும் அப்பாவின் கையெழுத்தோடு நடந்ததை எழுதி, ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமும் காவல் நிலையத்திலும் கொடுத்து, இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள்.

அடுத்தது புகார். சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது போதாது. புகார் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவும் (பொது வழியில் அஜாக்கிரதையாக ஓட்டுதல்), கொடுங்காயம் என்பதால் 125-வது பிரிவின் பி உட்பிரிவும் பொருந்தும். சிகிச்சையில் இருந்ததால் சில நாள் தாமதமாகிவிட்டதா? தாமதம் ஒன்றை மட்டுமே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தாமதத்துக்கான காரணம் புகாரிலேயே இருக்க வேண்டும்.

சைக்கிளை ரிப்பேர் செய்துவிடாதீர்கள். பின் சக்கரமும் பின் மட்கார்டும் நசுங்கி, முன் சக்கரம் நேராக இருக்கிறது என்றால் பின்னாலிருந்து இடித்தார்கள் என்பதற்கு அதைவிடப் பேசும் சாட்சி வேறில்லை. நான்கு பக்கமும் படம் எடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் காரைத்தான் பார்த்து ரிப்போர்ட் தருவார். ஆகவே சைக்கிளின் சேதத்தைப் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) எழுதும்படி புலனாய்வு அதிகாரியிடம் கேளுங்கள். விபத்து இடத்தை வரைந்து காட்டும் ரஃப் ஸ்கெட்சில் சைக்கிள் சாலையின் எந்த ஓரத்தில் கிடந்தது என்று குறித்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அதைச் சேகரிக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்தால் பிறகு "கிடைக்கவில்லை" என்று சொல்வது கடினம்.

காரின் பாலிசி நடப்பில் இருக்கிறதா என்பதை வண்டி எண்ணைப் போட்டு எம்-பரிவாகன் செயலியிலேயே பார்க்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 160-வது பிரிவுப்படி வண்டி, உரிமையாளர், காப்பீடு பற்றிய விவரங்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருந்தாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீடு கேட்டு 166-வது பிரிவில் நீங்களே மனு போட்டுவிடுங்கள். இந்த ஆறு மாத வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தாலும், அதில் நீங்கள் பரிசோதனைப் பொருளாக வேண்டியதில்லை. விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

சிகிச்சைச் செலவுக்கு: 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் பணமில்லா சிகிச்சைத் திட்டத்தில், சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரத்துக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இருக்கிறது. கார்க்காரர் மனமுவந்து பணம் தந்தால் வாங்கலாம், தவறில்லை. ரசீதில் 'மருத்துவச் செலவுக்காக' என்று மட்டும் எழுதுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: சந்துக்குள்ளிருந்து ஒரு பள்ளி மாணவன் இரு பக்கமும் பார்க்காமல் சைக்கிளில் பாய்ந்து வந்து என் காரின் இடது பக்கத்தில் மோதினான். கை எலும்பு முறிவு. கார் பம்பரும் கதவும் போச்சு. தப்பு முழுக்க அவன் மேல். டேஷ்கேம் பதிவும் இருக்கிறது. நான் ஏன் பணம் தர வேண்டும்? என் கார் செலவை யாரிடம் கேட்பது?
– வாசகர், கோவை

பதில்: முதலில் உங்கள் கடமை. தப்பு யாருடையது என்றாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு உங்களுக்குப் பொருந்தும். காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாலிசி எண்ணும் காலமும், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயம்பட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம், இவ்வளவும் அந்தக் கடிதத்தில் வர வேண்டும். "என் மேல் தப்பில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்" என்று விட்டவர்கள்தான், ஒரு வருடம் கழித்துச் சம்மன் வரும்போது கம்பெனியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். பையனின் பெற்றோருக்கு "நான் பொறுப்பேற்கிறேன்" என்று எழுதித் தருவதும் வேண்டாம். கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது பாலிசி நிபந்தனை.

டேஷ்கேம் பதிவு 166-வது பிரிவு மனுவில் உங்கள் பக்கம் பலமாக நிற்கும், ஏனென்றால் அங்கே ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். ஆனால் 164-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதில் யார் தப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். ஆக, பையன் மேலேயே தப்பு என்றாலும் அந்த 2.5 லட்சத்தைக் கேட்க அவர்களுக்கு வழி உண்டு. பதற வேண்டாம், பாலிசி நடப்பில் இருந்தால் அதைத் தருவது உங்கள் கம்பெனி. (பெற்றோர் தரப்பு கவனிக்க வேண்டியது: 149-வது பிரிவு நடைமுறைப்படி இந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால், 166-இல் போட்ட மனு அதோடு காலாவதியாகிவிடும். சின்ன முறிவுக்கு இது லாபம். வாழ்நாள் ஊனத்துக்கு நஷ்டம்.)

சிறுவர்கள் விஷயத்தில் இன்னொன்று. பெரியவர்களிடம் எதிர்பார்க்கும் எச்சரிக்கையைக் குழந்தையிடம் நீதிமன்றங்கள் எதிர்பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அருகே, சந்து முனையில், என்ன வேகத்தில் வந்தீர்கள் என்பதுதான் உங்களிடம் கேட்கப்படும்.

கார் செலவுக்கு சர்வேயர் சொல்வது: உங்கள் பாலிசியில் உங்கள் காருக்கான சொந்தச் சேதக் காப்பு இருந்தால் அதில்தான் கேட்க வேண்டும். பெற்றோர் மேல் சிவில் வழக்குப் போடலாம்தான். ஆனால் பிள்ளையின் தவறுக்காகப் பெற்றோரைப் பிடிக்க, அவர்களே அஜாக்கிரதையாக இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். கோர்ட் செலவு பம்பர் விலையைத் தாண்டிவிடும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத வசதி) இல்லாத பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 12,000 ரூபாய் பம்பருக்கு 6,000. அதில் கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். கதவு உலோகம், வண்டியின் வயதுக்குத் தக்கபடி கழியும். பெயின்டில் பொருள் பங்குக்குப் பாதி. இவ்வளவும் போக வருவதையும், நீங்கள் இழக்கப்போகும் நோ கிளெய்ம் போனஸையும் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 50 சதவீத போனஸ் பூஜ்யமாகிவிட்டால் மறுபடி அங்கே ஏற ஐந்து கிளெய்ம் இல்லாத வருடங்கள் வேண்டும். சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போடுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. பையன் தரப்பு கேட்கும் மூன்றாம் நபர் தொகை உங்கள் போனஸைத் தொடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, போனஸ் போய்விடும் என்று பயந்து விபத்தையே கம்பெனியிடம் மறைப்பவர்கள் உண்டு.

கேள்வி: நின்றுகொண்டிருந்த காரின் பின் கதவைப் பயணி ஒருவர் திடீரென்று திறந்தார். அதில் மோதி விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. "வண்டி ஓடவே இல்லை, இது வாகன விபத்தே கிடையாது" என்கிறார் கார் உரிமையாளர்.
– வாசகர், புதுச்சேரி

பதில்: தவறு. வாகனத்தைப் 'பயன்படுத்துதல்' என்பது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் குறிப்பதல்ல என்று 1991-இல் சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. ஆள் இறங்குவதற்காக நிறுத்துவதும் பயன்பாடுதான். புகாரில் 'கார் மோதியது' என்று எழுதிவிடாதீர்கள். 'நின்ற காரின் வலது பின் கதவு திடீரெனத் திறக்கப்பட்டதால் மோதி விழுந்தேன்' என்று உள்ளபடியே இருக்கட்டும். சாலை நடுவில் நிறுத்தி, பின்னால் பார்க்காமல் ஆளை இறக்கிய ஓட்டுநரையும், உரிமையாளரையும், கம்பெனியையும் மனுவில் சேர்க்க வேண்டும். எலும்பு நழுவலும் கொடுங்காயப் பட்டியலில் இருக்கிறது. கதவின் விளிம்பில் உள்ள கீறல், கண்ணாடி உடைசல், சைக்கிள் ஹேண்டில் பாரின் உயரம் ஆகியவற்றை ஒன்றாகப் படமெடுத்தால் 'நீதான் வந்து முட்டினாய்' என்ற வாதம் நிற்காது.

கேள்வி: இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். நம்பர் தெரியவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: வேண்டாம். 161-வது பிரிவின் கீழ் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. மனு போகவேண்டிய இடம் கோர்ட் அல்ல, அந்தப் பகுதிக்கான கிளெய்ம் விசாரணை அதிகாரி. வருவாய்த் துறையில், தாசில்தார் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் இணைக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிந்து ஒரு மாதமாகியும் வண்டி தெரியவில்லை என்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று காவல் நிலையமே உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சொல்லவில்லையா, அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டி நீங்களே கேளுங்கள். பின்னால் வண்டி கண்டுபிடிக்கப்பட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகை அதில் கழிந்துவிடும்.

கேள்வி: எனக்கு 42 வயது. சொந்தமாக எலெக்ட்ரீஷியன் வேலை, மாதம் சுமார் 18,000 வருமானம். கார் மோதியதில் இடது முழங்கால் மடங்காது. மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று தந்திருக்கிறது. எவ்வளவு கிடைக்கும்? இரவில் என் சைக்கிளில் லைட் இல்லை, அது பாதிக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சான்றிதழில் உள்ள 30 சதவீதத்தை அப்படியே பெருக்கிவிட முடியாது. ராஜ்குமார் எதிர் அஜய் குமார் (2011) வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கேள்வி, இந்த ஊனம் இந்த மனிதரின் இந்தத் தொழிலில் சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைத்தது என்பது. மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு மடங்காத முழங்கால் ஒரு தொந்தரவு. ஏணி ஏறவேண்டிய எலெக்ட்ரீஷியனுக்கு அது பாதித் தொழில். ஆகவே 30 என்பது உங்கள் வழக்கில் 40 ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். இதை டாக்டரின் சாட்சியத்தில் கொண்டுவர வேண்டும்: ஏணி ஏற முடியுமா, குத்துக்காலிட்டு உட்கார முடியுமா, எடை தூக்கினால் என்னவாகும். பல வழக்குகளில் டாக்டரிடம் சதவீதம் மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

40 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படிப் போகும். ஆண்டு வருமானம் 2,16,000. பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) சொந்தத் தொழில் செய்பவருக்கு, 40 முதல் 50 வயதுக்குள், எதிர்கால வளர்ச்சிக்கு 25 சதவீதம் சேர்த்து 2,70,000. சரளா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணைப்படி 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கு எண் 14. பெருக்கினால் 37,80,000. அதில் 40 சதவீதம் 15,12,000. இதோடு மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், உடனிருந்தவர் செலவு, போக்குவரத்து, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் தனித்தனித் தலைப்பில் சேரும். மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம் வழங்குகிறார்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வருமானத்தில்தான் தோற்கிறார்கள். 18,000 என்று வாயால் சொன்னால் தீர்ப்பாயம் தன் மதிப்பீட்டில் ஒரு தொகையைப் போட்டுக்கொள்ளும். வயர்மேன் லைசென்ஸ், வங்கிப் பாஸ்புக், ஜிபே போன்ற செயலிகளில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய பணத்தின் பட்டியல், அடிக்கடி வேலை கொடுத்த கட்டட கான்டிராக்டரின் சாட்சியம், இவற்றைத் திரட்டுங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதற்கு இணை வேறில்லை. விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த கணக்குக்கு அந்த மதிப்பு கிடைக்காது.

லைட் விஷயம் பாதிக்கலாம். இதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்பார்கள். உங்கள் பங்கு 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் மொத்தத் தொகையில் அவ்வளவு குறையும். எல்லாம் சேர்த்து 18 லட்சம் என்றால் அது 14.4 லட்சமாகும். ஆனால் லைட் இல்லாததால்தான் விபத்து நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் கம்பெனியுடையது. அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா, பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்ததா, பெடலில் ரிஃப்ளெக்டர் இருந்ததா என்பதெல்லாம் எதிர்வாதம். எதிர்த் திசையில் ஓட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஹெல்மெட் அணியவில்லை என்ற வாதத்துக்குப் பயப்பட வேண்டாம், மிதிவண்டிக்குச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை.

கேள்வி: காருக்கு இன்ஷூரன்ஸ் காலாவதியாகிவிட்டதாம். ஓட்டியவர் வாங்கியவர், ஆனால் ஆர்.சி. இன்னும் விற்றவர் பேரிலேயே இருக்கிறது. யாரைப் பிடிப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் காலாவதி உண்மையா என்று பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் பாலிசி மூன்று ஆண்டுக்கு மொத்தமாக எடுக்க வேண்டும். அதோடு சேர்ந்த சொந்தச் சேதப் பாலிசி ஒரே ஆண்டில் முடிந்திருக்கலாம். அந்தத் தாளைக் காட்டி "முடிந்துவிட்டது" என்பார்கள். உங்களுக்கு வேண்டியது மூன்றாம் நபர் பகுதி மட்டுமே.

உண்மையிலேயே பாலிசி இல்லை என்றால் கம்பெனி வராது. உரிமையாளர் கையிலிருந்து தர வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் (2018) வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே விற்றுவிட்டேன் என்று சொல்பவர் தப்ப முடியாது. இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். வண்டி போலீஸ் காவலில் இருக்கும்போதே, ஈட்டுத் தொகை கட்டாமல் விடுவிக்கக் கூடாது என்று கோர்ட்டில் ஆட்சேபம் போடுவது முக்கியம். வண்டி வெளியே போய்விட்டால் பிடிமானம் போனது போலத்தான். தீர்ப்புக்குப் பிறகும் பணம் வராவிட்டால் 174-வது பிரிவில் சான்றிதழ் பெற்று, நிலவரி பாக்கி போல கலெக்டர் மூலம் வசூலிக்கலாம்.

பாலிசி இருந்து, ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது வேறு விஷயம். ஸ்வரண் சிங் வழக்கு (2004) முதல், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுகின்றன. லைசென்ஸ் இல்லாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் இந்த 'வசூலித்துக்கொள்ளட்டும்' பகுதியை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்கலாம்.

கேள்வி: சைக்கிளில் போன நான் ஒரு முதியவர் மீது மோதிவிட்டேன். இடுப்பு எலும்பு முறிவு. என் மேலும் வழக்கு வருமா? சைக்கிளுக்கென்று இன்ஷூரன்ஸ் எடுக்க முடியுமா? பேட்டரி சைக்கிள் என்றால் என்ன ஆகும்?
– வாசகர், சென்னை

பதில்: வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு மோட்டார் வண்டியை மட்டும் சொல்லவில்லை. பொது வழியில் எந்த வாகனத்தை ஓட்டினாலும் பொருந்தும். இழப்பீட்டுக்கு மட்டும் இடம் மாறும். மோட்டார் வாகனம் சம்பந்தப்படாததால் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. முதியவர் சிவில் கோர்ட்டில் கேட்க வேண்டும். தீர்ப்பானால் பணம் உங்கள் பையிலிருந்துதான். சில வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகளில் மிதிவண்டிக்கென ஒரு பகுதி உண்டு. திருட்டு, சேதத்தோடு மூன்றாம் நபர் பொறுப்பையும் ஒரு வரம்புவரை அது ஏற்கும். வாங்கும்போது அந்த வரம்பு எவ்வளவு, பந்தய ஓட்டம் விலக்கா என்ற இரண்டையும் கேளுங்கள். உங்கள் சொந்த உயிருக்கும் உறுப்புக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி எடுக்கலாம். வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். மரணத்துக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம்.

பேட்டரி சைக்கிளில் கோடு துல்லியமானது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் அது மோட்டார் வாகனம் அல்ல. மேலே சொன்ன சைக்கிள் சட்டமே அதற்கும். கன்ட்ரோலரை மாற்றி வேகத்தைக் கூட்டினாலோ, பெரிய மோட்டார் கிட் பொருத்தினாலோ அந்த நொடியில் அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடும். அதில் யாரையாவது இடித்தால் தீர்ப்பாயம் உங்களைத் தேடி வரும், பின்னால் எந்தக் கம்பெனியும் இருக்காது.

கேள்வி: எனக்குக் காயம் அதிகமில்லை. 65,000 ரூபாய் சைக்கிள்தான் நசுங்கிவிட்டது. அதற்கு ஏதாவது உண்டா? லோக் அதாலத்தில் முடித்துவிடலாம் என்கிறார் புரோக்கர் ஒருவர்.
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. தனியார் கார் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை காப்பு இருக்கும். பிரீமியத்தைக் குறைக்க அதை 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொண்ட உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் மிச்சம் அவர்கள் கையிலிருந்து. சைக்கிள் வாங்கிய பில், பிரேம் எண், கடைக்காரரின் எழுத்து எஸ்டிமேட் மூன்றும் வேண்டும். எஸ்டிமேட்டில் 'பழுது பார்க்க இயலாது' என்றால் ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். அலுமினிய பிரேமில் ஹெட் டியூபுக்குப் பின்னால் பெயின்ட் சுருங்கியிருந்தால் குழாய் வளைந்துவிட்டது என்று பொருள். கார்பன் பிரேமில் விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும். முன் போர்க் பின்னால் தள்ளியிருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து படமெடுங்கள். விழுந்தபோது தரையில் மோதிய ஹெல்மெட்டும் செலவுக் கணக்கில் வரும், வெளியே முழுசாகத் தெரிந்தாலும் அதை மறுபடி போடக் கூடாது.

சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத் நல்ல இடம்தான், உங்கள் வழக்கு போன்றவற்றுக்குக் குறிப்பாக. ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே காயம் ஆறி, பிசியோதெரபி முடிந்து, இதற்கு மேல் செலவில்லை என்று தெரிந்த பிறகு போங்கள். புரோக்கரை விட்டுவிடுங்கள். எதுவும் நிரப்பாத வக்காலத்தில் (வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரம்) கையெழுத்து வேண்டாம், கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவது வழக்கறிஞர்களுக்கே விதிப்படி தடை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். உத்தரவில் தொகை எழுதும்போது உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் நீங்களே சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்.